அதே காசுக்கு நல்ல கார் வாங்கியிருக்கலாமே?

அக்கா மகன் போன வாரம் கோவையிலிருந்து வீடியோ காலில் வந்தான். கராஜில் நிற்கும் என் காரைச் சுற்றிக் காட்டச் சொன்னான். காட்டினேன். கதவு கிடையாது, கூரை கிடையாது, ஹீட்டர் கிடையாது. அலுமினியத் தகடு போர்த்திய இரும்புக் குழாய்க் கூடு, நான்கு சக்கரம், இரண்டு இருக்கை, அவ்வளவுதான். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இதுக்கா அஞ்சு வருஷம்? நீங்க கொட்டுன காசுக்கு ஒரு நல்ல பழைய போர்ஷே வாங்கியிருக்கலாமே. இப்படிச் சொந்தமா வேக வண்டி கட்டுறவங்களுக்கெல்லாம் அப்படி என்னதான் வேணும்?" பின்னாலிருந்து அக்கா குரல் வந்தது: "மரை கழண்டு போச்சுன்னு சொல்லச் சொல்லுடா."

அக்கா சொன்னது பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்த நீளமான பதில். நான் இருப்பது இங்கிலாந்தில், நார்த்தாம்ப்டன்ஷயரில். சொந்தக் கார் கட்டும் கிறுக்கு நன்றாக வேர் பிடித்த மண் இது. அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

யாரைக் கேட்டாலும் முதலில் "காசு மிச்சம்" என்பார்கள். நானும் வீட்டில் அப்படிச் சொல்லித்தான் அனுமதி வாங்கினேன். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. பிரிட்டனில் 1940-இலிருந்து கொள்முதல் வரி என்று ஒன்று இருந்தது. புதுக் காரை முழுதாக வாங்கினால் அந்த வரி உண்டு. உதிரிப் பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் இல்லை. 1957-இல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் என்ற கார் இந்த ஓட்டைக்குள் கச்சிதமாகப் பொருந்தியது. சுமார் 500 கிலோ எடை, ஃபோர்டின் 1172 சிசி எஞ்சின், ஏறக்குறைய 40 குதிரைசக்தி. பெட்டி பெட்டியாக வீட்டு வாசலில் வந்து இறங்கும். இதில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி அதிகாரி அதை முழுக் கார் என்று கணக்கில் எடுத்துக்கொள்வார் என்பதால், காரைக் கழற்றும் முறையை எழுதி அனுப்பினார்களாம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ள வேண்டியது. கதையில் கொஞ்சம் உப்புக்காரம் கூடியிருக்கலாம். வரி விலக்கு மட்டும் நிஜம்.

1973-இல் கொள்முதல் வரி போய் மதிப்புக்கூட்டு வரி வந்தது. பெட்டியில் வந்தாலும் காராக வந்தாலும் வரி வரிதான். லோட்டஸ் நிறுவனமும் அதே ஆண்டில் செவனைக் கைகழுவி, அதன் உரிமையைக் கேட்டர்ஹாம் என்ற விற்பனை நிறுவனத்தை நடத்திய கிரஹாம் நியர்னிடம் கொடுத்துவிட்டது. கணக்குப்படி பார்த்தால் பெட்டிக் கார் வியாபாரம் அன்றோடு படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. ஐம்பது ஆண்டு தாண்டியும் கேட்டர்ஹாம் அதே வடிவக் காரைப் பெட்டியில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதைப் பூட்ட ஏறக்குறைய நூறு மணி நேரம் ஆகும். கம்பெனியிலேயே பூட்டிக் கொடுக்கச் சொன்னாலும் தருவார்கள். இருந்தும் "வேண்டாம், பெட்டியிலேயே அனுப்புங்கள்" என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பழைய காரணம் செத்துப்போனது, பழக்கம் மட்டும் உயிரோடு இருக்கிறது. அப்படியானால் உண்மையான காரணம் வேறு எங்கோதான் இருக்க வேண்டும். மாப்பிள்ளை, உன் கேள்வியை நான் இந்த இடத்திலிருந்துதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

என் கார் கேட்டர்ஹாம் கிடையாது, அதற்கும் ஏழைத் தம்பி. 1996-இல் ரான் சாம்பியன் என்பவர் ஒரு புத்தகம் எழுதினார். எங்கள் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கும் அவுண்டில் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 250 பவுண்டில் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை வாங்கிப் பிரித்து, எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் எடுத்துக்கொண்டு, ஒரு அங்குலச் சதுரக் குழாயை அறுத்து வெல்டிங் செய்து சேஸிஸை, அதாவது காரின் எலும்புக்கூட்டை, நீங்களே உருவாக்க வேண்டும். செவன் மாதிரி இருக்கும், செவன் விலை இருக்காது. லோ காஸ்ட் என்பதைச் சுருக்கி 'லோகாஸ்ட்' என்று பெயர். இந்தக் கார்களுக்கென்றே தனிப் பந்தயத் தொடரும் வந்தது.

250 பவுண்டு என்பது, வெல்டிங் மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்து, டயர் யாராவது சும்மா கொடுத்து, எதையும் இரண்டாம் முறை வாங்க வேண்டி வராத ஆளுக்கு. நான் எஸ்கார்டுக்குப் பதிலாக 1995 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பிடித்தேன். பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற தகட்டுப் பகுதி துருப்பிடிப்பது அந்தக் காரின் தலைவிதி. இதுவும் அப்படித்தான், ஆண்டுச் சோதனையில் தோற்றுப்போய் ஒரு வீட்டுக் கொல்லையில் கிடந்தது. உள்ளே 1.8 லிட்டர் எஞ்சின் கல்லு மாதிரி இருந்தது. வாங்கியபோது லாபம் என்று துள்ளினேன். ரசீதுகளை ஒரு கோப்பில் போட்டுவந்தேன். இரண்டாவது ஆண்டு முடிவில் கோப்பு கனத்துவிட்டது, கூட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர் கார் கட்டிப் பார்க்காதவர்.

ஆக, காசு மிச்சம் என்பது வீட்டில் சொல்வதற்கு.

அப்போது வேகமா? இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, சுவையான கணக்குதான். சுசுகி ஹயபூசா பைக்கின் 1300 சிசி எஞ்சின் 170 குதிரைசக்திக்கு மேல் கொடுக்கும். அதை 500 கிலோ கூட்டில் வைத்துப் பூட்டுகிறவர்கள் இங்கே நிறைய. டன்னுக்கு 340 குதிரைசக்தி. அதே விகிதம் வேண்டுமென்றால் ஒன்றரை டன் எடையுள்ள சாதாரணக் காருக்கு 510 குதிரைசக்தி வேண்டும். அந்த மாதிரிக் காரின் விலைக்கு இந்தியாவில் வீடு வாங்கலாம். பைக் எஞ்சினில் ரிவர்ஸ் கியர் கிடையாது என்பதால் பார்க்கிங்கில் இறங்கிப் பின்னால் தள்ள வேண்டிவரும், அல்லது தனியாக ஒரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அது தனிக் கூத்து.

ஆனால் இன்று இந்தக் கணக்கும் பல்லிளிக்கிறது. குழந்தை சீட்டும் காய்கறிப் பையும் ஏற்றிப்போகும் எலக்ட்ரிக் குடும்பக் கார்களிலேயே நின்ற நிலையிலிருந்து மூன்று விநாடிச் சொச்சத்தில் மணிக்கு 60 மைலைத் தொடுபவை வந்துவிட்டன. நேர்கோட்டில் என் காரை அவை ஊதித் தள்ளிவிடும். அது தெரிந்தும் ஆட்கள் இன்றைக்கும் குழாய் அறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வேகம்தான் வேண்டுமென்றால் மாதத் தவணை கட்டினாலே கிடைத்துவிடுமே.

என் பதில் இதுதான்: கடைக் காருக்குள் நீ மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. உன்னோடு ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. நார்வேயின் பனிக்காலம் உட்கார்ந்திருக்கிறது, வளைகுடா வெயில் உட்கார்ந்திருக்கிறது, மட்டமான பெட்ரோல் போடுகிறவர், மூன்று வருஷமாக ஆயில் மாற்றாதவர், வாரண்டித் துறை, வக்கீல், கணக்கர் எல்லோரும் இருக்கிறார்கள். காரின் ஒவ்வொரு பாகமும் இத்தனை பேரிடமும் சம்மதம் வாங்கிவிட்டு வந்தது.

சஸ்பென்ஷன் கைகள் சேஸிஸோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை எடுத்துக்கொள். கம்பெனி மெத்தென்ற ரப்பர் வைக்கிறது, சாலையின் அதிர்வும் இரைச்சலும் உள்ளே வராது. வளைவில் வேகமாகத் திருப்பும்போது அந்த ரப்பர் நசுங்கும், சக்கரம் நீ சொன்ன கோணத்தில் நிற்காமல் ஒரு இழை விலகும். பத்து லட்சம் பேரில் தொண்ணூற்றொன்பது சதவீதத்தினர் அந்த விலகலை ஆயுளில் ஒருமுறைகூட உணர மாட்டார்கள். இரைச்சல் வந்தால் மறுநாளே புகார் செய்வார்கள். அதனால் கம்பெனி எஞ்சினியர் எடுத்த முடிவு சரியான முடிவு, அவர் ஒன்றும் முட்டாளில்லை. அவர் பத்து லட்சம் பேருக்குச் சமைக்கிறார், காரம் அளவாகத்தான் போட முடியும். எனக்கு இரைச்சல் பரவாயில்லை, விலகல்தான் கூடாது. ரப்பருக்குப் பதில் உலோகக் கோள மூட்டு போட்டேன். இப்போது சாலையில் கிடக்கும் சிறு கல்லும் முதுகெலும்பில் கேட்கிறது. அது நானே போட்ட கையெழுத்து.

எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். எந்த ஆர்பிஎம்மில், எவ்வளவு த்ராட்டிலில், எத்தனை டிகிரி முன்னதாகப் பொறி விழ வேண்டும், எவ்வளவு பெட்ரோல் பாய வேண்டும் என்று உள்ளே ஒரு பெரிய கட்டம் போட்ட அட்டவணை இருக்கும். கம்பெனி அட்டவணையில் எங்கு பார்த்தாலும் கொஞ்சம் பயம் கலந்திருக்கும். மோசமான பெட்ரோல் நேரம் தவறி வெடித்து எஞ்சின் 'டக் டக்' என்று தட்டக்கூடாது என்ற பயம். 2000-களின் தொடக்கத்தில் புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் மெகாஸ்குவர்ட் என்ற ஒரு சர்க்யூட் போர்டை வடிவமைத்து, வீட்டிலேயே சால்டர் செய்து பூட்டிக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். அதுவரை பெரும்பாலும் காசுள்ளவர்களின் பொருளாக இருந்த அட்டவணை சமையலறை மேசைக்கு வந்தது. நானும் ஒன்று பூட்டினேன். முதல் குளிர்காலம் முழுக்கக் காலையில் வண்டி கிளம்பாது, கம்பெனிக்காரனின் பயத்துக்குக் காரணம் இருந்தது என்று அப்போது புரிந்தது. மைனஸ் இரண்டு டிகிரியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, அட்டவணையில் ஒரே ஒரு கட்டத்தை மாற்றி, சாவியைத் திருப்பி, எஞ்சின் பிடித்துக்கொண்ட அந்தக் காலையை எந்தப் போர்ஷேக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தார் என்பது வேறு விஷயம்.

இன்னொரு சம்பவம் சொன்னால் நான் சொல்ல வருவது இன்னும் தெளிவாகும். முதல்முறை கிராமத்துச் சாலையில் ஓட்டிப்போனபோது ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் வண்டி தானாக இடம் வலம் என்று மூக்கை ஆட்டியது. ஸ்டியரிங்கை நான் அசைக்கவே இல்லை. வாங்கிய காராக இருந்தால் ஷோரூமில் போய்க் கத்தியிருப்பேன். இங்கே கத்துவதற்கு ஆள் இல்லை, கட்டியவன் நான்தான். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் சக்கரத்தை ஒரு சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டராக மேலே தூக்கி, சக்கரத்தில் கட்டிய பலகையின் முன்முனையும் பின்முனையும் எவ்வளவு நகர்கின்றன என்று அளந்தேன். சக்கரம் மேலே ஏற ஏறத் தானாகத் திரும்பியது. காரணம் எளிமையானது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது சஸ்பென்ஷன் கைகள் ஒரு வட்ட வில்லில் சுழலும். ஸ்டியரிங்கின் இணைப்புத் தண்டும் அதோடு ஒத்துப்போகும் வில்லில் சுழல வேண்டும். நான் ஸ்டியரிங் ரேக்கை, அதாவது அந்தத் தண்டுகளை இடம் வலம் தள்ளும் பல் கம்பியை, ஒன்பது மில்லிமீட்டர் உயரமாக வெல்டிங் செய்திருந்தேன். தண்டு ஒரு வில்லில், கை இன்னொரு வில்லில். அறுத்து, இறக்கி, மறுபடி வெல்டிங் செய்தேன். இரண்டு வார இறுதிகள் போயின. அடுத்த முறை அதே சாலையில் அதே மேட்டில் வண்டி நேராகப் போனது. உடம்பெல்லாம் சிலிர்த்தது என்றால் அக்கா சிரிப்பாள், ஆனால் நடந்தது அதுதான். அந்த ஒன்பது மில்லிமீட்டர் தவறும் என்னுடையது, திருத்தமும் என்னுடையது. நம் அன்றாட வேலையில் இப்படி எத்தனை விஷயம் இருக்கிறது, யோசித்துப் பார். நான் பகலில் செய்யும் வேலையில் ஒரு முடிவெடுக்க நாலு கூட்டம் போடுவோம். ஆறு மாதம் கழித்து அது சரியா தப்பா என்று யாருக்கும் தெரியாது. ரேக் அப்படியில்லை, அரை மைலில் சொல்லிவிடும்.

கட்டுகிறவர்கள் எல்லோரும் என்னை மாதிரி என்று சொல்லிவிடவும் முடியாது. கடிகாரத்துக்காகக் கட்டும் ஜாதி ஒன்று உண்டு. அது அமெரிக்காவில், கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் உருவானது. 1932-இல் ஃபோர்டு ஒரு V8 எஞ்சினைச் சாதாரண மக்கள் வாங்கும் காரில் வைத்தது. 3.6 லிட்டர், 65 குதிரைசக்தி. சில வருஷத்தில் அந்தக் கார்கள் பழசாகி, பையன்கள் கைக்கு எட்டும் விலைக்கு வந்தன. மட்கார்டைக் கழற்றி எறிந்து, எஞ்சினை நோண்டி, முரோக் ஏரிப் படுகையில் போய்ப் பறப்பார்கள். 1937-இல் அவர்களே சங்கம் அமைத்து நேரம் அளக்க ஆரம்பித்தார்கள். அந்த எஞ்சினுக்குப் பிறவிக் கோளாறு ஒன்று இருந்தது. புகை வெளியேறும் பாதை எஞ்சின் பிளாக்கின் தண்ணீர் அறைகளுக்கு நடுவே போகும், அதனால் சட்டென்று கொதித்துவிடும். அந்தக் கோளாறே பலருக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது. அதை நோண்டி நோண்டியே விக் எடல்பிராக் போன்றவர்கள் மெக்கானிக் நிலையிலிருந்து பெரிய பாகத் தயாரிப்பாளர்களாக வளர்ந்தார்கள்.

உலகப்போர் முடிந்து திரும்பியவர்களில் பில் பர்க் என்று ஒருவர். போர் விமானங்களின் வயிற்றில் தொங்கும் கழற்றிவிடும் பெட்ரோல் டேங்குகளைப் பசிபிக் போர்முனையில் பார்த்திருக்கிறார். காற்றைக் கிழிக்கும் கண்ணீர்த்துளி வடிவம். ஊர் திரும்பியதும், 1946-இல், அப்படி ஒரு உபரி டேங்கை வாங்கி உள்ளே எஞ்சினை வைத்து ஏரிப் படுகையில் ஓட்டினார். காற்றுச் சுரங்கச் சோதனைக்குப் பணம் இல்லாதவன், அரசாங்கம் ஏற்கெனவே சோதித்த வடிவத்தைக் குப்பையிலிருந்து பொறுக்கிக்கொண்ட கதை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த புத்திசாலித்தனம் இதுதான். 1949-இல் இந்தக் கூட்டம் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புச் சமவெளிக்குப் போனது, இன்றும் ஆண்டுதோறும் அங்கே கூடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு எண், அதற்குப் பக்கத்தில் தன் பெயர். வண்டி வகையையும் எஞ்சின் அளவையும் வைத்து நிறையப் பிரிவுகளாகப் பிரித்துவைத்திருப்பதால், சின்ன எஞ்சினோடு போகிறவனுக்கும் ஒரு சாதனை எட்டும் தூரத்தில் இருக்கும்.

பிரிட்டனில் இதற்கு இணையானது 1939-இல் தொடங்கிய 750 மோட்டார் கிளப். ஆஸ்டின் செவன் என்ற 747 சிசி குட்டிக் காரை வைத்துக்கொண்டு ஏழைகள் பந்தயம் ஓட்ட வழி செய்தது. சாப்மனே இங்கிருந்து வந்தவர்தான். முதல் காரை 1948-இல் காதலியின் பெற்றோர் வீட்டு கராஜில் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துக் கட்டினார். அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே நுழைவாய். இரண்டு சிலிண்டர் ஒரே வாயில் போட்டி போட்டு மூச்சு வாங்கும். 1951-இல் சாப்மன் தன் மூன்றாவது காருக்கு, நுழைவாயை நடுவில் தடுத்து ஆளுக்கொரு பாதை ஆக்கும் ஒரு மேனிஃபோல்டை (எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் கொண்டுவரும் குழாய்) வைத்தார். மற்றவர்களால் கிட்ட நெருங்க முடியவில்லை. அடுத்து கிளப் செய்தது என்ன தெரியுமா? அந்தத் தந்திரத்தையே விதியில் தடை செய்துவிட்டது. தனக்காக ஒரு விதி எழுத வைப்பதைவிடப் பெரிய கோப்பை இந்த உலகத்தில் கிடையாது.

இதையே பிழைப்புக்கு வாசலாக்கிக்கொண்டவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோர்டன் முர்ரே என்ற மாணவருக்குப் பந்தயக் கார் வாங்கக் காசில்லை. ஃபோர்டு ஆங்லியா எஞ்சினை வைத்துச் செவன் சாயலில் தானே ஒரு கார் வடிவமைத்து, 1967-இல் அதை ஓட்டிப் பந்தயங்களில் வென்றார். 1969-இல் லோட்டஸில் வேலை தேடி இங்கிலாந்து வந்தவருக்கு பிரபாம் ஃபார்முலா 1 அணியில் இடம் கிடைத்தது. 1992-இல் உலகம் வாய்பிளந்து பார்த்த மெக்லாரன் எஃப்1 கார் அவர் வடித்தது. அந்தக் காரில் ஓட்டுநர் இருக்கை நட்டநடுவில் இருக்கும். எந்த விற்பனைத் துறையும் ஒப்புக்கொள்ளாத முடிவு. டர்பன் கராஜில் யாரிடமும் அனுமதி கேட்காமல் முடிவெடுத்துப் பழகிய ஆளுக்குத்தான் அது வரும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கட்டி முடிக்காதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் படம் பொய்யாகிவிடும். பாதியில் நின்ற கார்களை விற்கும் விளம்பரம் இங்கே எப்போதும் கிடைக்கும். "தொண்ணூறு சதவீதம் முடிந்தது" என்று போட்டிருப்பார்கள், வேலையில் பாதி மிச்சமிருக்கும். வயரிங்கில் வந்து நின்றிருப்பார்கள். குழந்தை பிறந்திருக்கும், வேலை மாறியிருக்கும், சில வீடுகளில் கல்யாணமே முறிந்திருக்கும். நானும் மூன்றாம் ஆண்டில் ஏழு மாதம் கராஜ் கதவைத் திறக்கவில்லை. தானே உழைத்துச் செய்த பொருளுக்கு மனிதன் கூடுதல் மதிப்புப் போடுகிறான் என்று மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டேன் ஏரியலி மூவரும் 2012-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டில் பூட்டும் மேசை நாற்காலி விற்கும் ஐக்கியா கடையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதில் பலரும் கவனிக்காத ஒரு வரி உண்டு: வேலை முடிந்தால்தான் அந்தப் பாசம் வருகிறது, முடிக்க முடியாமல் போனால் காணாமல் போய்விடுகிறது. படித்தபோது சரி என்று தலையாட்டினேன். ஆனால் எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார், பதினான்கு வருஷமாக ஒரே காரைக் கட்டுகிறார். சேஸிஸை மூன்று முறை திருத்தியிருக்கிறார். விற்கச் சொன்னால் முறைப்பார். ஒருநாள் கேட்டேன், "முடிந்ததும் எங்கே ஓட்டிப்போவீர்கள்?" கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "எதற்கு முடிக்க வேண்டும்?" என்றார். அவருக்குக் கார் தேவையில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய் நிற்க ஒரு இடமும், கையில் ஒரு வேலையும், இடையில் டீயோடு எட்டிப்பார்க்க என்னைப் போல ஒரு ஆளும் தேவை. குழாய் வளைக்கும் மெஷினை எனக்கு இரவல் தந்தவரும் அவர்தான்.

முடித்தாலும் உடனே ஓட்டிவிட முடியாது. இங்கே தனி ஆள் கட்டிய காரைச் சாலையில் விட ஐவிஏ என்று ஒரு சோதனை உண்டு. கட்டியவன் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். வெளியே தெரியும் எந்த விளிம்பும் கூராக இருக்கக்கூடாது, குறைந்தது 2.5 மில்லிமீட்டர் வளைவு வேண்டும். அதனால் சோதனைக்கு முந்தின இரவு நாடே சேர்ந்து ரப்பர் விளிம்புப் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கும், போல்ட் தலைகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி மாட்டும். நான் முதல்முறை தோற்றது வேறொன்றில். ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டுக் கையை விட்டால் சக்கரம் தானாக நேருக்கு வர ஆசைப்பட வேண்டும். முன்பக்கம் எடை இல்லாத இந்த ஜாதிக் கார்களில் அது சோம்பிக்கிடக்கும். பலரும் தடுக்கி விழுகிற படி அது. சக்கரத்தின் திருப்பு அச்சை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்துவிட்டு மறுபடி போனேன். தேர்ச்சி. சோதகர் கடைசியில் சேஸிஸின் அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வெல்டிங் யார்?" என்று மட்டும் கேட்டார். "நான்தான்" என்றேன். தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தத் தலையசைப்பு எதற்கு என்று இன்றுவரை தெரியாது. நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.

நீ அடுத்து கேட்கப்போவது தெரியும்: "இதை நான் கோவையில் செய்யலாமா?" சாலைக்கு என்றால், ஆசையைக் கொஞ்சம் அடக்கு. தனி ஆள் ஒரே ஒரு காரைக் கட்டிப் பதிவு செய்துகொள்ள ஐவிஏ மாதிரி நேர்வழி இந்தியாவில் இல்லை. இருக்கும் காரை மாற்றுவதும் சிக்கல்தான். பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளர் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் பந்தயத் தடத்துக்கு என்றால், உன் ஊரைவிட நல்ல ஊர் அமையாது. எஸ். கரிவர்தன் பெயரைக் கேட்டிருப்பாய். மில் குடும்பத்துப் பிள்ளை. வெளிநாட்டுக் காரை வரவழைத்துச் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் பந்தயத் தடத்தில் ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம், வசதி இருந்தது. அவர் பட்டறையில் உட்கார்ந்து, தெருவெல்லாம் ஓடிய மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். லேத்தும் ஃபவுண்டரியும் தெருவுக்கு இரண்டு இருக்கும் ஊர், செய்ய முடிந்தது. நாராயண் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான், 2005-இல் அவர் ஃபார்முலா 1 வரை போனார். கரிவர்தன் 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் உள்ளதுதான். கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்த கார்களோடு போட்டிக்கு வருவதும் அதே தடத்துக்குத்தான். உன் கல்லூரியில் அணி இருந்தால் சேர்ந்துகொள். முதல் வருஷம் உன்னிடம் ஸ்பானரைக்கூடத் தரமாட்டார்கள், துடைக்கத்தான் சொல்வார்கள். துடை. எந்த போல்ட் எங்கே போகிறது என்று துடைக்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும்.

போர்ஷே கணக்குக்கு வருகிறேன். நீ சொன்னது சரி, அதே காசுக்கு வாங்கியிருக்கலாம். போன மாதம் கிராமத்து பப் வாசலில் ஒருவர் என் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு விலை கேட்டார். அவர் சொன்ன தொகை மோசமில்லை, கோப்பில் இருக்கும் ரசீதுகளில் முக்கால்வாசிக்கு வரும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு ஓட்டி வரும்போது அறுபது மைல் வேகத்தில் இடது பின்பக்கத்திலிருந்து ஒரு 'டிக்' சத்தம். ஐம்பத்தைந்தில் இல்லை, அறுபத்தைந்தில் இல்லை. அதை இப்படியே வைத்துக்கொண்டு யாருக்கும் விற்க முடியாது. இந்தச் சனிக்கிழமை இரண்டு இருக்கைக்கும் நடுவே இருக்கும் டனலின் மூடியைக் கழற்றிப் பார்க்கப்போகிறேன். எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் போல்ட்டாக இருக்கும் என்பது என் ஊகம், தெருக்கோடிக்காரர் இல்லை வீல் பேரிங் என்கிறார். ஒரு டீ பந்தயம் கட்டியிருக்கிறோம்.